எங்க வீட்டைக் கடைசியா வைங்க

1952, மே 5

கருங்கணேந்தல் வந்து சேர்ந்துவிட்டேன். பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து இரண்டு மைல், கண்மாய்க் கரையோரமாக நடை. கண்மாயில் தண்ணீர் இல்லை. உள்ளே வண்டித் தடம் ஓடுகிறது. என் அரை மூட்டை ரேஷன் அரிசியைப் பஸ் கூரையில் எவனோ மண்ணெண்ணெய் டின்னோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். சாக்கு முழுக்க நாற்றம். ஒரு மாதத்துக்கு இதைத்தான் தின்ன வேண்டும்.

வேலை இதுதான். மழை பொய்த்த பதினெட்டு ஊர்களுக்கு ஊருக்கு ஒருவராக எங்களை அனுப்பியிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய், அன்றைக்குச் சமைக்கப்போகிற தானியத்தை உலையில் போடுமுன் நிறுக்க வேண்டும். தலைக்கு எத்தனை அவுன்ஸ் என்று பார்த்து ஊரை அ, ஆ, இ, ஈ என்ற நான்கு வகுப்புகளில் ஒன்றில் போடுவார்கள். பன்னிரண்டு அவுன்ஸுக்குக் கீழே போனால் ஈ. ஈ வகுப்பு ஊருக்குச் சர்க்காரின் இலவசக் கஞ்சித்தொட்டி வரும். மற்றவற்றுக்கு வராது.

எங்கள் மேற்பார்வையாளர் டாக்டர் பட்டாபிராமன் மதுரையில் நடத்திய வகுப்பின் சாரம்: "அவங்க சொல்றதை எழுதாதீங்க, தராசு சொல்றதை எழுதுங்க. எதுக்கு நிறுக்கிறோம்னு வாயைத் திறக்காதீங்க. திறந்தா ஊரே பட்டினி வேஷம் போடும்."

மே 6

ஊர்ப் பெரியவர் சோணைமுத்து அம்பலம். அறுபதைத் தாண்டியவர். காது தொங்குகிறது, கடுக்கன் இல்லை. சாவடியில் தங்கச் சொன்னார்.

"சாவடியில எலி ஜாஸ்தி தம்பி. அரிசிய வெள்ளச்சி வீட்டுல போட்டு வைங்க. அவளே பொங்கித் தந்துருவா."

வெள்ளச்சியின் புருஷன் மில் வேலை தேடி மதுரைக்குப் போய் நான்கு மாதமாகிறதாம். தகவல் இல்லை. பூச்சி என்று கூப்பிடும் ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கும். கால்கள் இரண்டும் புசுபுசுவென்று தடித்திருக்கின்றன. ஊட்டம் நன்று என்று குறிக்கப் போனேன். முகம் அப்படி இல்லை. காலியாக விட்டேன்.

படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். சொந்த சாகுபடி, குத்தகை, கூலி. மூன்றில் ஒன்றைத்தான் போடலாம். கேட்டால் எல்லாரும் ஒரே பதில்.

"சம்சாரி." இந்தப் பக்கத்தில் விவசாயிக்கு அதுதான் பெயர்.

"சம்சாரின்னு கட்டம் இல்ல. சொந்த நிலமா, குத்தகையா, கூலியா?"

"மூணுந்தான்."

"ஒண்ணைச் சொல்லுங்க."

"மழை பெஞ்சா ஒண்ணு, பெய்யாட்டி ஒண்ணு. நீங்க வந்த நேரம் எதுவுமே இல்ல. அதுக்குக் கட்டம் இருக்கா?"

சாவடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை. பட்டணத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கட்டம் போட்டவனை இங்கே கொண்டுவந்து ஒரு வாரம் கட்டிப்போட வேண்டும்.

மே 7

முதல் ஆறு வீடுகள் முடிந்தன. எந்தெந்த வீடு என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் நாம் போவதற்குள் சமைத்துவிடுவார்கள்.

ஆச்சரியம். ஆறு வீட்டிலும் நெல்லரிசி. மானாவாரிச் சீமையில் ஜனங்கள் குதிரைவாலியும் சோளமும்தான் தின்கிறார்கள் என்று எங்கள் பாடநூல் அடித்துச் சொல்கிறது. பாடநூல் எழுதினவர் ஊருக்குள் வந்ததே இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று. மூன்று பேர் வீட்டிலும் இரண்டு படி, ஒன்பது பேர் வீட்டிலும் ஏறக்குறைய இரண்டு படி. பெரிய குடும்பங்களில் தலைக்கு நுகர்வு குறைகிறது. இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம்.

மே 8

"எங்க வீட்டைக் கடைசியா வைங்கய்யா." இன்று நான்கு பேர் தனித்தனியாக வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். வேலையைத் தள்ளிப்போடுகிற புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மே 10

சாவடி வாசலில் இரண்டு பெண்கள் சண்டை.

"நேத்துதான ஒங்க சித்தி வீடு கடைசி? இன்னைக்கும் ஒங்க வகையறாவுக்கேவா?"

"எம்மாமனாரு படுத்த படுக்கையாக் கெடக்குறாரு. ஒனக்கு என்னடி கேடு, கல்லு மாதிரி இருக்க."

"கல்லு மாதிரி இருக்கேனா? வா, வந்து தூக்கிப் பாரு."

நடுவில் போய், "கடைசியில் அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டேன். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்: "வெயில் தாந்து வந்தா ஒங்களுக்குத்தான்யா நல்லது."

குறிப்புப் பத்தியில் எழுதியது: இவ்வூர் அரிசி எல்லா வீட்டிலும் லேசாக மண்ணெண்ணெய் நாறுகிறது. கடைக்காரர் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து விற்கிறார் போலும். கடையைப் பார்க்கப் போனேன். பூட்டிக் கிடக்கிறது. பொங்கலுக்குப் பிறகு திறக்கவில்லையாம்.

மே 11

கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருக்கிறது. அங்கே ஒரு வீடும் என் பட்டியலில் இல்லை. பட்டாதாரர் பதிவேட்டைப் பார்த்து எடுத்த பட்டியல் இது. பட்டா இல்லாதவனின் பசிக்கு எடை இல்லை.

அந்தத் தெரு ஆட்கள் காய்ந்த கண்மாய்க்குள் கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தராசைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டையும் நிறுங்களேன் சாமி" என்றார். பட்டியலில் இல்லை என்றேன். மடியிலிருந்து சுண்டைக்காய் பருமனில் நாலு கிழங்கை எடுத்துக் காட்டினார். "இத நிறுக்க இந்தத் தராசு ஆகாது. தட்டான் தராசு வேணும்." அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

இந்தப் பக்கத்துக்காரன் நெல்லரிசி தின்கிறான், அந்தப் பக்கத்துக்காரன் கோரைக்கிழங்கு தோண்டுகிறான். என் கணக்கில் ஊர் ஆ வகுப்பு. போதுமான உணவு உள்ள ஊர்.

மே 12

என் சாக்கில் நாலு படிதான் மிச்சம். வந்து எட்டு நாள் ஆகவில்லை. நான் ஒருத்தன் எவ்வளவு தின்றிருப்பேன்?

அம்பலத்தின் முன்னால் வைத்தே வெள்ளச்சியைக் கேட்டேன். அவள் தலை குனியவில்லை.

"ஆமாய்யா. நாந்தான் எடுத்தேன்."

"உனக்கும் குழந்தைக்கும் தனியா அளந்து கொடுத்தேனே. போதலேன்னா கேட்கலாமே. திருடணுமா?"

அம்பலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் அவளுக்காகப் பேசவில்லை. நல்ல ஊர். சாக்கைத் தூக்கிக்கொண்டு சாவடிக்கு வந்துவிட்டேன். எலி தின்றால் தின்னட்டும்.

மே 13

ஆறு வீடு. ஒரு வீட்டிலும் ஒரு மணி தானியம் இல்லை.

முதல் வீட்டில் விரதம் என்றார்கள். இரண்டாவது வீட்டில் யாரோ பங்காளி இறந்துவிட்டாராம், அடுப்பு மூட்டக் கூடாதாம். மூன்றாவது வீட்டில் கதவு சாத்தியிருந்தது, உள்ளே குழந்தை அழுதது. நாலாவது வீட்டில் அந்தப் பெண் "நாளைக்கு வாங்கய்யா" என்று சொல்லிவிட்டு அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். அடுப்புக்குள் பூனை படுத்திருந்தது.

சாவடிக்கு வந்து என் சாக்கைத் திறந்து ஒரு கை அரிசியை மூக்கருகே கொண்டுபோனேன்.

ஆறு நாளாக நான் நிறுத்தது இதைத்தான். காலையில் வெள்ளச்சி வீட்டிலிருந்து இரண்டு படி கிளம்பும். முதல் வீட்டில் நிறுப்பேன். நான் படிவம் நிரப்புகிற நேரத்தில் அது கொல்லை வழியாக இரண்டாவது வீட்டுக்குப் போய்விடும். அப்படியே ஆறாவது வீடு வரை. ஆறாவது வீடு அதைப் பொங்கித் தின்னும். கடைசி வீடு.

இரண்டு படி அரிசியை வைத்துக்கொண்டு ஓர் ஊரே எனக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்டியிருக்கிறது. நான் கட்டுரைக்குக் குறிப்பு எடுத்திருக்கிறேன்.

மே 14

விடிந்ததும் அம்பலத்தின் வீட்டுக்குப் போனேன். நிறையப் பேச வேண்டும் என்றுதான் போனேன். ஊரைப் பட்டினி போட்டு நிலத்தை மலிவாக வாங்கப் பார்க்கிறான் கிழவன் என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அவர் மனைவி முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையை இடித்துக்கொண்டிருந்தாள். தானியக் குதிர்கள் இரண்டும் மூடியில்லாமல் கிடந்தன. ஒன்றுக்குள் கோழி கூட இல்லை.

"எதுக்கு நிறுக்கிறேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன். விதியை மீறிச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் தம்பி. தராசோட ஒரு ஆளு வந்தா அடுத்தாப்புல என்ன வரும்னு தெரியாதா."

"தெரிஞ்சுமா அரிசியைச் சுத்த விட்டீங்க?"

"எங்க அய்யா காலத்துல இங்க ஒரு தடவ கஞ்சித்தொட்டி வச்சாக. ரெண்டே மாசம். அதுக்கப்புறம் இருவது வருசம் சுத்துப்பட்டுல எவனும் இந்த ஊருக்குப் பொண்ணு குடுக்கல. தொட்டிக்கஞ்சி ஊருன்னு பேரு. எனக்குக் கல்யாணம் ஆனப்ப நாப்பத்தி ரெண்டு வயசு. அதுவும் ஆத்துக்கு அந்தப் பக்கம் போயி, ஊருப் பேர மாத்திச் சொல்லி."

அவர் மனைவி உலக்கையை நிறுத்தாமல் சொன்னாள்: "இன்னைக்கும் எங்க ஆத்தா வீட்டுல இவுக வேற ஊருக்காரவுகதான்."

"குழந்தைங்க கால் வீங்கிக் கிடக்கு. அதுங்க பெரிசாகி வந்தாத்தானே பொண்ணும் மாப்பிள்ளையும்?"

கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மிச்ச நாலு படியை வெள்ளச்சியிடம் கொண்டுபோனேன். வாங்கவில்லை. "வேற யாருக்காச்சும் குடுங்க. எங்கிட்ட இருந்தா எல்லாரும் திருடின அரிசிம்பாக" என்றாள். பூச்சி தரையில் கிடந்தது. உட்கார வைத்தால் சாய்கிறது. அரிசியை அம்பலத்தின் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதி மெயின் ரோட்டில் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மே 15

மெயின் ரோட்டு டீக்கடையில் பன். பூச்சிக்கு ஒன்று கொண்டுபோனேன். கையில் வைத்துக்கொண்டிருந்தது. தின்னவில்லை.

மே 17

டாக்டர் ஜீப்பில் வந்தார். நல்ல வெயில். நேற்றே அம்பலத்திடம் சொல்லியிருந்தேன்: எதையும் மறைக்க வேண்டாம், வெறும் பானையைக் காட்டினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. "இப்பத்தான் சாப்புட்டோம்." "காலையிலேயே முடிஞ்சிருச்சுய்யா." ஒருத்தர் ஏப்பம் கூட விட்டுக் காட்டினார்.

வெள்ளச்சி வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். டாக்டரின் காலடியில் அதைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. பானையின் உட்புறம் உலர்ந்து வெடித்திருந்தது. தெருவில் எல்லாக் கதவும் பாதி திறந்திருந்தது.

"மூணு நாளாச்சுங்க. எம்புள்ளையப் பாருங்க. ஊரு மானமெல்லாம் எனக்கு வேணாம். கஞ்சி வேணும்."

"அடியே," என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. குழந்தையின் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். ஜீப்புக்குப் போகும்போது சொன்னார்:

"இது ஒரு வீடு, தாமோதரன். ஒரு வீட்டை வச்சு ஊரை வகுக்க முடியாது."

"மத்தவங்க பொய் சொல்றாங்க சார்."

"இருக்கலாம். அப்போ உங்க படிவம் எல்லாமே செல்லாது. செல்லாத ஊரை அறிக்கையிலேருந்து எடுத்துடுவோம். பதினேழு போதும்."

"எடுத்துட்டா இந்த ஊர் எந்த வகுப்பு?"

"வகுப்பே இல்லை. நாங்க பார்க்கலைன்னு அர்த்தம்." வண்டியில் ஏறிய பிறகு, "இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் டயம் இருக்கு. மறுபடியும் ஒழுங்கா நிறுத்து அனுப்பினா சேர்த்துக்கறேன்" என்றார்.

எதை நிறுப்பது?

மே 18

எல்லா வீட்டுக்கும் போனேன். எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள்.

வெள்ளச்சி கிணற்றடிக்குப் போனபோது மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அம்பலத்தின் மனைவி மட்டும் நின்றாள். அவளும் பேசவில்லை.

மே 19

வெள்ளச்சி வீடு வெளியே நாதாங்கி போட்டிருக்கிறது. விடியுமுன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம், புருஷனைத் தேடி. மதுரை முப்பது மைல். அவளிடம் பஸ்ஸுக்குச் சில்லறை இருந்திருக்காது. நேற்றுச் சாயங்காலம் அவளைப் பார்த்தேன். என்னிடம் கொஞ்சம் இருந்தது. அவள் கேட்கவில்லை.

மே 20

இன்று எந்த வீட்டுக்கும் போகவில்லை. சாவடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். நாற்பத்திரண்டு படிவங்களும் பூர்த்தியாகிவிட்டன.

மே 22

மதுரை. டாக்டர் படிவங்களைப் புரட்டினார். சோளம், குதிரைவாலி, புளியங்கொட்டை மாவு. ஐந்து அவுன்ஸ், ஆறு அவுன்ஸ், நாலரை.

"எல்லாம் ஒரே பேனாவில, ஒரே மூச்சில எழுதின மாதிரி இருக்கே."

"வெயில் சார். சீக்கிரம் சீக்கிரமா முடிச்சேன்."

படிவங்களை ஒரே அடுக்காகத் தட்டிச் சேர்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கருங்கணேந்தல், ஈ வகுப்பு.

டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும் சிரிப்பு வந்தது. உண்மையாக நிறுத்தது பொய்யாகிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் எழுதினது அறிக்கையாகிவிட்டது. இப்படித்தான் நாட்டுக்குக் கணக்கு எடுக்கிறோம்.

மே 24

இரண்டு நாள் மில் வாசல்களில் வெள்ளச்சியையும் அவள் புருஷனையும் பற்றி விசாரித்தேன். காவலாளிகள் உள்ளே விடவில்லை.

ஜூன் 4

உத்தரவு வந்துவிட்டது. கஞ்சித்தொட்டி திறக்கும்போது உடன் இருக்கும்படி எனக்கும் ஓர் ஓலை. போகிறேன்.

ஜூன் 6

சாவடிக்குப் பக்கத்து வெளியில் இரண்டு அண்டா. குமாஸ்தா ஒருவர், சமையலாட்கள் மூன்று பேர். கேழ்வரகுக் கஞ்சி. வாசனை தெருவெல்லாம் போனது.

கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வந்தார்கள், சட்டி, கொட்டாங்கச்சி, கையில் கிடைத்த எல்லாவற்றோடும். ஊருக்குள்ளிருந்து ஒருவரும் வரவில்லை.

"அவங்க உட்கார்ந்த இடத்துல இவங்க உட்கார மாட்டாங்க சார்," என்றார் குமாஸ்தா. "இன்னொரு தொட்டி கேட்பாங்க. செத்தாலும் தனி வரிசைதான். மூணு நாள் பார்ப்பேன். ஊர்க்காரங்க வரலேன்னா தொட்டி வேற ஊருக்குப் போயிடும்."

"அந்தத் தெரு ஜனங்க தின்கிறாங்களே."

"அவங்க கணக்குல இல்லியே சார்."

ஜூன் 7

யாரும் வரவில்லை. மிஞ்சியதை அந்தத் தெருவுக்கே இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லிக் குமாஸ்தாவோடு சண்டை போட்டேன். ஊற்றினார்.

ஜூன் 8

பத்து மணிக்கு மேல் அம்பலம் வந்தார். தலையில் துண்டு இல்லை. கையில் பித்தளைச் செம்பு. அந்தத் தெரு ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவர் வழியில் போகாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றது அன்று கோரைக்கிழங்கு காட்டியவர். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

முறை வந்ததும் அம்பலம் செம்பை நீட்டினார். "ஊத்துய்யா." எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்றபடியே குடித்தார். தாடியில் வழிந்ததைத் துடைக்கவில்லை. செம்பு காலியானதும் தெருவைப் பார்த்து மறுபடியும் நீட்டினார். அப்புறம்தான் கதவுகள் திறந்தன.

அவர் என்னிடம் வந்தார்.

"எங்க வீட்டுக்கு எத்தன போட்டீக தம்பி?"

"தலைக்கு ஆறு அவுன்ஸ்."

அவர் யோசித்தார். "அம்புட்டா இருந்துச்சு?" என்றார்.

குமாஸ்தா பட்டியலை வாசித்துக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பாத்திரம் நீண்டது. "வெள்ளச்சி, ஆள் ரெண்டு" என்றார். ஒருவரும் நகரவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"அவ ஊர்ல இல்ல," என்றாள் அம்பலத்தின் மனைவி. பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க: "நாமதான அனுப்பிவிட்டோம்."

குமாஸ்தா ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

ஜூன் 9

காலையிலிருந்து மெயின் ரோட்டில் நின்று மதுரைப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் கை காட்டி நிறுத்தினேன். முதல் இரண்டு டிரைவர்களும் தெரியாது என்றார்கள். மூன்றாவது பஸ்ஸின் டிரைவர் வயசானவர், இந்த ரோட்டில் பழகியவர். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"குழந்தையோட ஒரு பொம்பளை," என்றேன். "மூணு வாரத்துக்கு முந்தி மதுரைக்கு நடந்து போயிருப்பாங்க. குழந்தைக்குக் கால் வீங்கி இருக்கும்."

"கால் வீங்கின புள்ளையத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு நடக்குற பொம்பளைய தெனமும் பாக்குறேன் தம்பி. வழி நெடுக அவுகதான். நீங்க சொல்றது எந்தப் பொம்பள?"

அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.